ஓவியமும் அதன் படியும்

ஓவியன் ஒருவன் பல திங்கள் முயன்று தீட்டிய ஓவியத்தைத் தீயானது சில நாழிகையில் சாம்பலாக்கிவிடும். ஸ்பெயின் நாட்டின் தலைநகராகிய மாட்ரிடில், 1734ஆம் ஆண்டு, அரச மாளிகை தீப்பற்றி எரிந்தபோது ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. கிரேக்கப் புராணம் கூறும் டாண்டலஸ் என்பவன் தீராத பசியாலும் நீர்வேட்கையாலும் வாடும் காட்சியை இத்தாலிய ஓவியர் டிசியன் தீட்டியிருந்தார். அப்படமும் அத்தீயில் மறைந்தது. அதன் தோற்றத்தை, அதனைத் தழுவிச் செதுக்கப்பட்ட அச்சுப்படம் ஒன்றன் வாயிலாகவே இன்று அறிய முடிகிறது. மூலம் மறைந்தாலும் அதன் நினைவு மறையாமல் காப்பது அதனைப் பார்த்து எடுத்த படியே அன்றோ?

மூல ஓவியத்தைக் கண்ணெதிரே வைத்து, அதனைப் போலவே கையால் தீட்டப்பெறும் மற்றோர் ஓவியத்தைப் படி என்பர். புகைப்படம் தோன்றாத காலத்தில், மன்னர் மாளிகைகளில் இருந்த ஓவியங்களைப் பிறர் கண்டு மகிழ வேறு வழி அரிதாயிருந்தது. மேலும், இளங்கலைஞர்க்குப் படியெடுத்தலே சிறந்த பயிற்சியாகவும் விளங்கியது. பயிற்சி முடித்த பெருங்கலைஞரும் இதனை இழிவாகக் கருதவில்லை. இதற்கு ரூபன்ஸ் என்பாரின் வரலாறே சான்று.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக டிசியன் 1562ஆம் ஆண்டில் ஓர் ஓவியத்தை முடித்து அனுப்பினார். அதன் பொருள் யூரோப்பாவின் கதை. பினீசிய நாட்டு இளவரசியாகிய யூரோப்பா தோழியரோடு கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். தேவர்களின் தலைவனாகிய ஜீயஸ் வெண்ணிறக் காளையாக உருமாறி அங்கு வந்தான். காளையின் சாந்தமான தோற்றத்தை நம்பி அவள் அதன் முதுகில் ஏறினாள். உடனே அது கடலில் பாய்ந்து, அவளைக் கிரீட் தீவிற்குக் கொண்டு சென்றது. டிசியனின் படத்தில் யூரோப்பா ஒரு கையால் காளையின் கொம்பைப் பற்றியிருக்கிறாள். மற்றொரு கையில் செந்நிற ஆடை காற்றில் பறக்கிறது. தொலைவில், கரையில் நின்று தோழியர் தவிக்கின்றனர்.

1628ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ரூபன்ஸ் அரசியல் தூதராக மாட்ரிட் நகருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 51. ஐரோப்பாக் கண்டம் எங்கும் அவர் புகழ் பரவியிருந்தது. எனினும் அவர் ஒரு மாணவனைப் போல டிசியனின் படங்களுக்குமுன் அமர்ந்து, யூரோப்பாவின் ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். டிசியன் தூரிகையை நெகிழ்வாக ஓட்டி, உருவங்களின் ஓரங்களை வானோடும் நீரோடும் கலக்கவிட்டார். ரூபன்ஸின் படியிலோ உருவங்கள் சற்றே தெளிந்த வடிவம் பெற்றுள்ளன. உண்மையாகப் படியெடுப்பினும், எடுப்பவனின் கை தன்னை அறியாமல் தன் இயல்பைக் காட்டிவிடுகிறது.

அவ்விரு படங்களின் பின்வரலாறு வியப்புக்குரியது. ரூபன்ஸ் 1640ஆம் ஆண்டில் மறைந்தபின், ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் அப்படியை வாங்கினார். மூல ஓவியமோ பிற்காலத்தில் பிரான்சுக்கும், பின்னர் இங்கிலாந்துக்கும் சென்றது; இறுதியில், 1896ஆம் ஆண்டில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்னும் அம்மையாரால் வாங்கப்பெற்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தது. மூலம் நீங்கிய மாட்ரிட் நகரில், பிராடோ அருங்காட்சியகத்தில், படி நிலைத்து நிற்கிறது.

படியெடுத்தல் எளிய செயல் அன்று. மூலத்தின் அளவுகளைக் கட்டம் கட்டமாகப் பகுத்துக் கித்தானில் கோடுகளாக வரைவர். பின்பு ஒளியும் நிழலும் விழும் இடங்களை மங்கிய வண்ணத்தால் நிரப்புவர். அது உலர்ந்தபின் மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவர். ஒவ்வொரு படலமும் உலரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பழைய ஓவியத்தின் மீதுள்ள வார்னிஷ் காலத்தால் மஞ்சளித்திருக்கும். நீலவானம் பசுமையாகத் தோன்றும்போது, அது ஓவியன் இட்ட நிறமா, காலம் இட்ட நிறமா என்பதை ஆராய்ந்து அறிபவனே நல்ல படியைத் தீட்டுவான்.

பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகர அரசு அருங்காட்சியகம் 1912ஆம் ஆண்டில் ஓர் ஓவியத்தை வாங்கியது. மெழுகால் ஒட்டிய இறகுகளுடன் பறந்த இக்காரஸ் என்னும் இளைஞன், தந்தை டீடலஸின் சொல்லை மறந்து கதிரவனை நெருங்கி, மெழுகு உருகக் கடலில் வீழ்ந்த கதை அதன் பொருள். உழவன் உழுகிறான், கப்பல் செல்கிறது, மூழ்குகின்றவனின் கால்கள் மட்டும் ஒரு மூலையில் தெரிகின்றன. ஆட்டிடையன் ஒருவன் வெறும் வானை அண்ணாந்து நோக்குகிறான். இது புரூகல் என்னும் ஓவியரின் கைவண்ணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆராய்ந்தோர் பலர், அவருடைய மூலம் மறைந்தது என்றும், இது அதன் பழைய படியே என்றும் இன்று கருதுகின்றனர். அந்நகரிலேயே இக்காட்சியின் மற்றொரு படமும் உள்ளது. அதில் டீடலஸ் வானில் பறக்கிறான். இடையன் நோக்குவது யாரை என்னும் ஐயம் அதனால் தீர்கிறது.

படிக்கும் போலிக்கும் வேறுபாடு உண்டு. படியை மூலம் என்று கூறி விற்பதே போலி. ஆதலின், பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகம் அங்கே படியெடுப்போர்க்குச் சில விதிகளை வகுத்துள்ளது. படியின் அளவு மூலத்தின் அளவோடு ஒத்திருத்தல் கூடாது. மூல ஓவியரின் கையொப்பத்தை எழுதுதலும் கூடாது.

தன்னைப் படி என்று மறைக்காமல் கூறிக்கொள்ளும் ஓவியம் பெருமை குன்றுவதில்லை. ஒருவன் கண்ட அழகு அவனோடு அழியாமல், அதனைக் காணாதவர்க்கும் எட்டுமாறு செய்யும் பணி அதனுடையது. அப்பணியைப் பொறுமையோடும் நேர்மையோடும் ஆற்றும் கையும் போற்றுதற்கு உரியதே.