துளையை மூடாமலே மறைக்கும் பவுடர்: தெரியுமா?

முகத்தில் இருக்கிற நுண்துளைகளுக்குத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. தெரியுமா? ஐஸ்கட்டி வைத்தால் மூடும், ஆவி பிடித்தால் திறக்கும் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். துளையின் வாயை இழுத்து மூட அங்கே ஒரு தசைகூடக் கிடையாது! ஆவி உள்ளே உறைந்திருக்கிற எண்ணெயை இளக்குகிறது. குளிர், தோலைக் கொஞ்ச நேரம் இறுக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான். முகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர் இடத்துக்குள் 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் குந்தியிருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

அப்படியானால் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கலியாணத்துக்கு வருகிற மச்சாள்மார் பெட்டிக்குள்ளிருந்து பக்குவமாக எடுக்கிற அந்த விலை கூடின பவுடர், துளைகளை எங்கே கொண்டுபோய் ஒளிக்கிறது? எங்கேயும் இல்லை! அது தொடுவது துளையை அல்ல, வெளிச்சத்தை.

துளை எங்கள் கண்ணுக்குப் படுவது ஏன்? உள்ளே நிழல், பக்கத்திலேயே எண்ணெய்ப் பளபளப்பு. கறுப்பும் மினுக்கமும் அடுத்தடுத்து நிற்பதால் சின்னக் குழியும் பெரிதாகத் தெரிகிறது. இப்போது பவுடருக்குள் போவோம். அதில் பெரும்பாலும் சிலிக்கா இருக்கும், நுண்ணிய உருண்டைகளாக. ஒரு தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரோமீற்றர். இந்த உருண்டைகளில் பல 10 மைக்ரோமீற்றர் அளவுதான்! ஒளி இவற்றில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. சிதறிய ஒளி நிழலுக்குள்ளும் விழுகிறது. மினுக்கம் அடங்குகிறது, கறுப்பு வெளிறுகிறது, கண் ஏமாந்துபோகிறது. துளை இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறது!

இதை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் வைத்தே பார்த்தோம். 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்த ஊர். துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்தது 2017 ஜூலை 3 இல்தான். 27 வருடம்! எத்தனை பெண்கள் மணவறைக்கு வேற்றூர் மண்டபத்தில், வேற்றூர்க் கண்ணாடியில் முகம் பார்த்து அலங்கரித்தார்கள். இன்று சொந்த வளவில் நின்று பவுடர் பூசுவதே எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம்.

மயிலிட்டி வடகரை ஊர். காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் வலக் கன்னத்தில் சாய்ந்து விழும், முதுகைக் காட்டித் திரும்பினால் இடக் கன்னத்தில். இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தைப்போலக் குழிகளைக் காட்டிக்கொடுப்பது வேறொன்றும் இல்லை. கலியாணத்துக்கு வந்த ஒரு மச்சாளின் வலக் கன்னத்திலும் மூக்கின் அந்தப் பக்கத்திலும் மட்டும் பஞ்சால் ஒற்றினோம். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தோம். பிறகு அவளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இடப் பக்கம் மூக்கோரத்தில் ஊசி குத்தினதுபோலப் புள்ளிகள். வலப் பக்கம் புகை படிந்தாற்போல மெத்தென்ற ஒரு மங்கல்! "எடி பிள்ளை, மூக்கடியிலை இருந்த குழியெல்லாம் எங்கை போட்டுது?" என்று பெரியம்மா கிட்ட வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா.

மத்தியானம் உப்புக்காற்றும் வியர்வையும் வந்தன. புள்ளிகளும் வந்துவிட்டன! பவுடர் கொட்டிப்போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. என்ன நடந்தது தெரியுமா? ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் முறிவுச் சுட்டி, சிலிக்காவுக்குச் சுமார் 1.46. முகத்து எண்ணெயின் சுட்டியும் கிட்டத்தட்ட அதுவே. உருண்டைகளுக்கு இடையே காற்று இருக்கும்வரைதான் ஒளி சிதறும். அந்த இடத்தை எண்ணெய் நிரப்பிவிட்டால் உருண்டையும் எண்ணெயும் ஒளிக்கு ஒன்றுதான். அது நேரே ஊடுருவிப் போய்விடும்! கடற்கரையில் காய்ந்த மணல் வெளிறியும் நனைந்த மணல் கறுத்தும் தெரிகிறதே, அங்கே நடப்பதும் இதே வேலைதான். அதனால் மத்தியானத்தில் மேலும் மேலும் பவுடர் அப்பாதீர்கள். முதலில் மெல்லிய தாளால் எண்ணெயை ஒற்றி எடுங்கள், பிறகு கொஞ்சமாகப் பூசுங்கள்.

இன்னும் கேளுங்கள்! முகப்பவுடர்களில் நெடுங்காலமாகச் சேர்க்கப்படும் இன்னொரு பொருள் கல்சியம் காபனேற்று. எங்கள் காலுக்குக் கீழே கிடக்கிற சுண்ணாம்புக்கல்லும் அதே சேர்வைதான்! பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் பவளங்களும் படிந்து இறுகிய கல். பக்கத்துக் காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை நம்பியிருந்ததும் அதைத்தான். சுத்திகரித்து மிக மென்மையான தூளாக்கினால் அது எண்ணெயை உறிஞ்சும், வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பவுடர் செய்பவர்கள் வாசனைத் திரவியத்தை இந்தத் தூளில் ஊறவிட்டு, அதன் பிறகே மற்றவற்றோடு கலப்பது பழைய வழக்கம். அந்தக் கல்லும் உள்ளுக்குள் முழுக்கத் துளை! மழைநீர் அந்தத் துளைகளால் இறங்கி ஓடித்தான் கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீராகச் சுரக்கிறது.

கெர்லான் நிறுவனம் 1987 இல் கொண்டுவந்த மெட்டியோரிட்ஸ் பவுடரைப் பார்த்திருக்கிறீர்களா? பல நிறத்தில் சின்னச் சின்ன முத்து உருண்டைகள். நிறங்கள் கலந்து முகத்தின் ஒளியையே மாற்றும் என்பதுதான் அதன் எண்ணம். ஆனால் பவுடரின் கதை எப்போதும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. 1887 இல் ஜப்பானியப் பேரரசர் மெய்ஜியின் முன் நடித்துக்கொண்டிருந்த கபுகி நடிகர் நாகமுரா ஃபுகுசுகேயின் கால் மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது. காரணம், வருடக்கணக்காகப் பூசிய வெள்ளைப்பூச்சில் இருந்த ஈயம்! அந்தப் பூச்சின் உற்பத்தியை ஜப்பான் தடைசெய்தது 1934 இல்தான்.

இன்றைய பவுடர்கள் பலவற்றில் சேரும் ரல்க், உலகிலேயே மிக மென்மையான கனிமங்களில் ஒன்று, நகத்தால் கீறலாம். நிலத்தில் சில இடங்களில் அது அஸ்பெஸ்டஸோடு சேர்ந்தே கிடக்கும் என்பதுதான் சிக்கல். 2024 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ரல்க்கை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது. மினுக்கத்துக்குச் சேர்க்கிற மைக்கா, ஜார்க்கண்ட் சுரங்கங்களில் பிள்ளைகள் பொறுக்கியதாகவும் இருக்கலாம். இதை அறிந்த பிறகு டப்பியின் பின்பக்க எழுத்தை வாசிக்காமல் என்னால் எந்தப் பவுடரையும் வாங்க முடிவதில்லை. நீங்களும் வாசியுங்கள்!

கலியாண வீட்டாருக்கு முக்கியமான ஒன்று. பகலில் அழகாக இருந்த சிலிக்காப் பவுடர், ஃபிளாஷ் படத்தில் மூக்கிலும் கண்ணடியிலும் வெள்ளைத் திட்டாக விழலாம், தெரியுமா? கமராவிலிருந்து போகும் வெளிச்சத்தை அது நேரே கமராவுக்கே திருப்பி அனுப்பிவிடும்! அதனால் முதல்நாள் இரவே பூசி, விளக்கை அணைத்து, ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். திட்டுத் தெரிந்தால் பெரிய தூரிகையால் தட்டிக் குறையுங்கள். அப்போதும் போகாவிட்டால் அந்த டப்பியைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொண்டு, மணவறைக்கு வேறொன்றைத் தேடுங்கள்.