வானொலிக்கு ஒரு கங்காணி

வானொலி கேட்பதற்கு மட்டும்தானா? பேசுவதற்கும் வானொலி உண்டு. அதற்கு அமெச்சூர் வானொலி என்று பெயர். தேர்வில் தேறி, அரசாங்க அனுமதி பெற்றவர்கள் தீபகற்ப மலேசியாவிலிருந்து 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு உலகத்தோடு பேசுகிறார்கள். வால்வுக் கருவியைத் தம் கையாலேயே கட்டி மகிழ்பவர்கள் இன்றும் உண்டு. உங்கள் பிள்ளைக்கும் அந்த ஆசை இருக்கிறதா? மேலே படியுங்கள்.

பழைய தோட்ட வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். துரை மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். கங்காணி அதை உரக்கச் சொல்வார். பிறகுதான் நூறு பேர் வேலையில் இறங்குவார்கள். வானொலியில் ஆஸிலேட்டர்தான் துரை. உழைக்கும் பெரிய வால்வு 6146. ஆஸிலேட்டர் தரும் சில வோல்ட் அதற்குப் போதாது. பல பத்து வோல்ட் வேண்டும். நடுவில் நின்று அதைக் கொடுக்கும் கங்காணியே 'டிரைவர்'.

இந்த வேலைக்குப் பேர்போனது 12பிஒய்7ஏ. தொலைக்காட்சியில் படத்துக்கு வலுவூட்டப் பிறந்த வால்வு இது. அதற்காகப் பழைய பெட்டியை நீங்களே திறக்காதீர்கள். படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கட்டும் முறை இதுதான்:

4, 5ஆம் கால்களை ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் 6ஆம் காலுக்கும் நடுவே 6.3 வோல்ட் கொடுங்கள். 6146 வால்வுக்கும் அதே 6.3 வோல்ட்தான். ஒரே டிரான்ஸ்பார்மர் போதும்.

கேத்தோடில் 100 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே 0.01 மைக்ரோபாரட் கண்டென்சர்.

பிளேட்டுக்கு 300 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். பிளேட்டில் சுருளும் மாற்றுக் கண்டென்சரும் சேர்ந்து அலைவரிசையைப் பிடிக்கும்.

கிரிட் சுருளும் பிளேட் சுருளும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நடுவே தகரத் தடுப்பு வையுங்கள். இல்லையேல் துரை வாய் திறக்காமலே கங்காணி கத்தத் தொடங்குவார்! அந்தக் கூச்சல் மற்றவர் அலைவரிசையையும் கெடுக்கும்.

பெற்றோரே, ஒன்றை மறவாதீர்கள். 300 வோல்ட் உயிரைக் குடிக்கும். 6146க்குச் செல்வதோ அதைப்போல இரு மடங்கு. சுவிட்சை அணைத்த பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடிக்கும் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். அதன் பிறகும் மீட்டரால் அளந்து, சுழி என்று கண்ட பிறகே கை வையுங்கள். தனியாக இருக்கும்போது வேலை செய்யக் கூடாது. அனுமதி வரும்வரை ஏரியலில் இணைக்கவும் கூடாது.

பொறுமையாகக் கட்டுங்கள். கை தேறும்; அறிவும் வளரும்.