சட்டக்கல்வியும் பொதுநிதியும்: மஹய்யாவவை முன்வைத்துச் சில குறிப்புகள்

கண்டி மாநகரின் துப்புரவுப் பணிக்கெனப் பிரித்தானியர் தென்னிந்தியாவிலிருந்து கொணர்ந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் மஹய்யாவவில் வாழ்கின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோரின் உரிமைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது. சட்டத்தால் வாழ்வு நிர்ணயிக்கப்பட்ட இம்மக்களிடையே சட்டத்தரணிகள் தோன்றுதல் இன்றியமையாதது.

அமெரிக்காவிலும் இத்தேவை உணரப்பட்டது. 1968இல் தோன்றிய சட்டக்கல்வி வாய்ப்புக் கழகம், அரச நிதியுதவியுடன், கறுப்பினத்தவர் உள்ளிட்ட பின்தங்கிய மாணவர்க்குச் சட்டக்கல்லூரி புகுமுன் கோடைகாலப் பயிற்சி அளித்தது.

இலங்கையில் 1981இல் சட்டப்படி நிறுவப்பட்ட மஹாபொல நிதியம் பல்கலைக்கழக மாணவர்க்கு உதவுகின்றது. ஆயின், அவ்வுதவி பட்டத்துடன் முடிவுறுகின்றது. சட்டமாணிப் பட்டதாரியோ சட்டக்கல்லூரித் தேர்வையும், சட்டத்தரணி ஒருவரின்கீழ்ப் பயிலுநர் காலத்தையும் கடந்தாக வேண்டும். செலவு மிகுந்து வருவாய் அற்ற அவ்விடைக்காலமே வறிய மாணவர்க்குப் பெருந்தடையாகும். தமிழ்நாடு அரசு 2020இல் இளம் வழக்கறிஞர்க்கு மாதம் 3,000 ரூபா வழங்க முன்வந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

பல்கலைக்கழக அனுமதியோடு கடமை முடிந்ததெனக் கொள்ளாது, மஹய்யாவ மாணவர் நீதிமன்றம் புகும்வரை பொதுநிதி துணைநிற்றல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.