வேகமா போனாலே அது ஸ்போர்ட்ஸ் காரா? மஸ்டா மியாட்டா சொல்லும் பதில்!

சிவப்பு கலர், பெரிய ஸ்பாய்லர், பின்னாடி ‘ஸ்போர்ட்’ ஸ்டிக்கர்... இதெல்லாம் இருந்தா ஸ்போர்ட்ஸ் கார் ஆகிடுமா? ஆகாது என்பதற்கு உதாரணம், ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989-ல் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா.

அதில் இருந்தது 1.6 லிட்டர் இன்ஜின்தான். பவர் சுமார் 115 குதிரைத்திறன். இன்று குடும்ப கார்களிலேயே இது கிடைக்கிறது.

அப்போ என்ன ஸ்பெஷல்?

எடை: சுமார் ஒரு டன்தான். எடை குறைந்தால் கார் வளைவில் சட்டென திரும்பும், பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும்.

பேலன்ஸ்: முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் எடை கிட்டத்தட்ட பாதிப் பாதி.

பின்சக்கர இயக்கம்: முன்சக்கரம் திருப்ப, பின்சக்கரம் தள்ள. அதனால் இன்ஜினின் இழுப்பு ஸ்டீயரிங்கை பாதிக்காது.

பவர் மட்டும் போதாதா?

2015 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டின் பவர் 707 குதிரைத்திறன். ஆனால் எடை சுமார் 2 டன். நேர் ரோட்டில் பறக்கும். வளைவில் அந்த எடையே எதிரி. அதனால்தான் அதை ‘மசில் கார்’ என்கிறார்கள்.

மியாட்டாவோ 2016-ல் 10 லட்சம் கார்களைத் தாண்டியது.

இனி ஷோரூமில் ‘ஸ்போர்ட்’ வேரியன்ட் என்று சொன்னால், பவரோடு எடையையும் கேளுங்க. சாதாரண வேரியன்ட்டில் இருக்கும் அதே இன்ஜின், அதே சஸ்பென்ஷன்தான் என்றால், எக்ஸ்ட்ரா காசு ஸ்டிக்கருக்குத்தான்!