சுங்கை சிப்புட்: மூன்று துரைமாரும் பத்து வெள்ளியும்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பாதையிலே இருக்கிறது சுங்கை சிப்புட். மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை. சரித்திரப் புத்தகத்தில் இந்த ஊருக்கு ஒரே தேதிதான்: 1948 ஜூன் 16. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. தோட்டத்து ஜனங்கள் முள்கம்பி வேலிக்குள்ளே வாழ்ந்த காலம் அது. அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

அதே ஜூன் 16-இல், 1919-ஆம் ஆண்டு, இதே ஊரில் பிறந்தவர் துன் சம்பந்தன். அப்பா ரப்பர்த் தோட்டக்காரர். மகன் முயற்சியால் இங்கே எழும்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார்.

பிறகு வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்காரன் விற்றான், வாங்கினவன் கூறு போட்டு விற்றான். வேலை போச்சு, லயத்து வீடும் போச்சு. 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்வெட்டுக் கூலியில் 10 வெள்ளி லேசா? கட்டினார்கள், ஐயா! மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

தாத்தாவின் பங்குச் சீட்டு உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா? யார் பேரில் இருக்கிறதென்று இன்றே எடுத்துப் பாருங்கள்.