பாதி ஆண்டெனா கடையில், மீதிப் பாதி வண்டியில்!



ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. அமெரிக்காவின் யூட்டா மாநிலம். மோவாப் என்ற ஊருக்கு வெளியே, செம்பாறைகளுக்கு நடுவில் ஒரு மண்பாதை. நாலஞ்சு பிக்கப் டிரக்குகள் வரிசையாகப் போகுது. மொபைலில் சிக்னல் சுத்தமா இல்லை. முன்னால் போறவர், "வளைவுல பாதை அரிச்சுக் கிடக்கு, நின்னு வாங்க" என்று சொல்றார். கடைசி வண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது கேட்கணும்.

உங்க கையில் இருப்பது ஒரு சி.பி. ரேடியோ. அது வெளியே அனுப்புற சக்தி வெறும் 4 வாட். ஒரு குட்டி எல்.இ.டி. பல்பு அளவுதான். அந்த 4 வாட் காற்றில் போய்ச் சேருமா, இல்லை வண்டியிலேயே சூடாகி வீணாகுமா? இதை முடிவு பண்றது பெரும்பாலும் ரேடியோ இல்லை. ஆண்டெனாவை எங்கே, எப்படி மாட்டினோம் என்பதுதான். இதில் நம்ம பாடப் புத்தகத்தின் நாலஞ்சு அத்தியாயம் ஒளிஞ்சிருக்கு. வாங்க, மாட்டிப் பார்ப்போம்.

முதலில், சி.பி. என்றால் என்ன?

சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம்தான் சி.பி. சாதாரண மக்கள் பேசிக்கொள்வதற்காக 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு துண்டு அலைவரிசையை அமெரிக்காவின் எஃப்.சி.சி. 1958-ல் ஒதுக்கியது. முதலில் 23 சேனல், 1977-லிருந்து 40 சேனல். 26.965-ல் தொடங்கி 27.405 மெகாஹெர்ட்ஸில் முடியும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, நாடு முழுக்க மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்தது. எந்த பங்க்கில் டீசல் இருக்கு, எங்கே போலீஸ் நிக்குதுன்னு லாரிக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. இன்னைக்கும் சேனல் 19 நெடுஞ்சாலை லாரிகளுக்கு, சேனல் 9 அவசரத்துக்கு.

9 அடிப் பிரச்சினை

இப்போ கணக்கு. பேண்டின் நடுவில் இருக்கும் சேனல் 20-ன் அலைவெண் 27.205 மெகாஹெர்ட்ஸ். 300-ஐ அதால் வகுத்தால் அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலைநீள ஆண்டெனா வேணும்னா 2.75 மீட்டர், அதாவது 9 அடி. அமெரிக்கக் கடைகளில் 102 அங்குல எஃகுக் கம்பி விற்பதன் ரகசியம் இதுதான். அடியில் ஒரு 6 அங்குல ஸ்பிரிங் போட்டால் மொத்தம் 108 அங்குலம். சரியா 9 அடி!

இதை டிரக்கின் கூரையில் வெச்சா? வண்டியே கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். மொத்தம் 4.7 மீட்டர் ஆயிடும். பல மாநிலங்களில் பெரிய லாரிகளே 4.1 மீட்டரைத் தாண்டக் கூடாது. பாலம், மரக்கிளை, எல்லாத்துக்கும் மேல மின்கம்பி. விளையாட்டு இல்லை.

அதனால் பெரும்பாலானவர்கள் 3, 4 அடி ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா வாங்குறாங்க. அதில் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பாங்க. குட்டையான ஆண்டெனா ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துக்கும். அதை ஈடுகட்டி ரெசொனன்ஸுக்குக் கொண்டுவர ஒரு இண்டக்டர் வேணும். அந்தச் சுருள்தான் அது. இதுக்கு ஒரு விலை இருக்கு, கடைசியில் பார்ப்போம்.

மீதிப் பாதி எங்கே?

இப்போதான் முக்கியமான கேள்வி. டைபோல் ஆண்டெனாவுக்கு இரண்டு கை உண்டு. நாம வாங்கினது ஒரே ஒரு கம்பி. கோஆக்ஸியல் கேபிளின் நடுக்கம்பி அதுக்குப் போகுது. வெளிப் பின்னல் எங்கே போகும்?

வண்டிக்கு! டிரக்கின் உலோக உடம்புதான் ஆண்டெனாவின் இன்னொரு கை. மேலே கம்பியில் கரண்ட் ஓடும்போது, அதுக்கு ஈடான கரண்ட் கூரையிலும் பானெட்டிலும் ஓடணும். இதைத்தான் கிரவுண்ட் பிளேன் என்கிறோம். "கிரவுண்ட்" என்ற பேரைப் பார்த்து மண்ணோடு இணைக்கணும்னு நினைச்சுடாதீங்க. வண்டி நிக்கிறதே நாலு ரப்பர் டயரில்!

இது புரிஞ்சா, எங்கே மாட்டணும் என்பதுக்குப் பாதி விடை கிடைச்சாச்சு.

கூரையின் நடு: சிறந்த இடம். நாலு பக்கமும் உலோகம் இருப்பதால் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமாகப் போகும். ஆனா டிரில் போட்டு ஓட்டை போடணும், இல்லேன்னா காந்த மவுண்ட் வேணும். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கூரை விளிம்பிலும் தூண்களிலும் ஏர்பேக் எங்கே மடிஞ்சிருக்குன்னு பார்த்துக்கோங்க. கேபிளை அது மேல ஓட்டவே கூடாது.

பானெட் ஓரம்: ஏற்கெனவே இருக்கும் போல்ட்டில் ஒரு பிராக்கெட் மாட்டலாம், ஓட்டை வேண்டாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பி ஆடிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான்.

பின் தொட்டியின் ஓரம்: வசதியான இடம். ஆனா சுருள் இருக்கும் பகுதி கேபினின் சுவருக்கு இணையாக, ஒட்டி நின்றால் ட்யூனிங் கெட்டுப்போகும். ஆண்டெனாவின் மேல்பகுதியாவது கூரைக்கு மேலே தெரியணும். இன்னொரு விஷயம்: உலோகம் அதிகம் இருக்கும் பக்கம் சிக்னல் பலமாகப் போகும். பின் இடது மூலையில் மாட்டினால் முன் வலது திசைதான் பலம்.

"ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு மாட்டினா கெத்தா இருக்குமே?" இருக்கும். ஆனா ஜோடி ஆண்டெனா உருப்படியா வேலை செய்ய இடையில் சுமார் 9 அடி வேணும். பிக்கப்பின் அகலம் 2 மீட்டர்தான். பெரிய லாரிக்கு அது சரி, நமக்கு ஒண்ணு போதும்.

அலுமினியம் என்றால் கிரவுண்ட் கிடையாதா?

ஃபோர்டு எஃப்-150 வண்டிக்கு 2015 மாடலிலிருந்து கேபினும் தொட்டியும் அலுமினியக் கலவை. அடிச்சட்டம் மட்டும் எஃகு. அதன் கூரையில் காந்த மவுண்டை வெச்சா வழுக்கிக்கிட்டு வந்துடும். உடனே "இதுல கிரவுண்ட் வராது" என்று முடிவு கட்டிடாதீங்க. காந்தம் ஒட்டுறது வேற, மின்சாரம் கடத்துறது வேற. அலுமினியம் எஃகைவிட நல்ல கடத்தி. பிடிமானத்துக்கு மட்டும் போல்ட் மவுண்ட் வேணும். எஃகு பிராக்கெட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வரும். அதனால் அந்த இணைப்பை கிரீஸ் போட்டுத் தண்ணி போகாம மூடிடணும்.

சரி, எஃகுக் கூரையில் காந்த மவுண்டை வெச்சா, நடுவில் பெயிண்ட் இருக்கே, இணைப்பு எப்படி வருது? மல்டிமீட்டர் வெச்சா ஓபன் சர்க்யூட் என்றுதான் காட்டும். ஆனா காந்தத்தின் அடித்தட்டும் கூரையும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர். பெயிண்ட்தான் டைஎலக்ட்ரிக். 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டுக்குச் சுமார் 1 நானோஃபாரட் வரும்னு வெச்சுக்கிட்டா, 27 மெகாஹெர்ட்ஸில் அதன் ரியாக்டன்ஸ் சுமார் 6 ஓம். போதும்! டி.சி.க்கு மூடிய கதவு, ஆர்.எஃப்.க்குத் திறந்த வாசல்.

மல்டிமீட்டர் சொல்ற பொய்

இப்போ இதன் தலைகீழ். தொட்டியின் ஓரத்தில் மாட்டுறீங்க. பிக்கப்பில் கேபின் தனி, தொட்டி தனி. இரண்டும் அடிச்சட்டத்தின் மேல் தனித்தனியா உட்கார்ந்திருக்கும். கேபினுக்கு அடியில் ரப்பர் புஷ் வேற. அதனால் தொட்டி கேபினோடு சரியா சேராம இருக்கலாம். நீங்க புத்திசாலித்தனமா ஒரு மீட்டர் நீள மெல்லிய ஒயரை எடுத்து ரெண்டையும் இணைச்சுட்டீங்க. மல்டிமீட்டர் "பீப்" அடிக்குது. கிட்டத்தட்ட பூஜ்ய ஓம். ஆனாலும் ரேடியோ சரியா வேலை செய்யலை. ஏன்?

ஒரு மீட்டர் மெல்லிய ஒயரின் இண்டக்டன்ஸ் சுமார் 1 மைக்ரோஹென்றி. இரண்டு பை எஃப் எல் போட்டுப் பாருங்க. 27 மெகாஹெர்ட்ஸில் 170 ஓம்! நீங்க கிரவுண்ட் பண்ணலை, நடுவில் ஒரு சோக் மாட்டியிருக்கீங்க. தீர்வு: குட்டையா, அகலமா, பட்டையா இருக்கும் பின்னல் பட்டி. பிராக்கெட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டுப் பெயிண்ட்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி இறுக்கணும். காந்த மவுண்டுக்கு இருக்கும் பரப்பளவு சின்ன பிராக்கெட்டுக்குக் கிடையாது. அதனால் பெயிண்ட் மேலேயே மாட்டினா அது தப்பிக்காது. வேலை முடிஞ்சதும் துரு பிடிக்காம டச்சப் அடிச்சுடுங்க.

இன்னொரு பழைய கண்ணி: ஆண்டெனா ஸ்டட்டோடு ஒரு நைலான் வாஷர் வரும். நடுக்கம்பி பிராக்கெட்டைத் தொடாம பிரிச்சு வைப்பது அதுதான். அதை இடம் மாத்திப் போட்டால் நேரா ஷார்ட் சர்க்யூட். ஆண்டெனாவை மாட்டுறதுக்கு முன்னாடி, மவுண்டையும் கேபிளையும் மட்டும் சோதிச்சுப் பாருங்க. நடுக்கம்பிக்கும் வெளி உறைக்கும் நடுவில் ஓபன் காட்டணும். உறைக்கும் வண்டிக்கும் நடுவில் பூஜ்யம் காட்டணும்.

இப்போ அளப்போம்

ஆண்டெனா இல்லாம மைக் பட்டனை அழுத்தாதீங்க. போன சக்தி அப்படியே திரும்பி வந்து அவுட்புட் டிரான்சிஸ்டரைக் காலி பண்ணிடலாம். ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டுங்க. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்க. ஷெட்டுக்குள்ளேயோ சுவர் ஓரத்திலேயோ அளந்தால் தப்பாக் காட்டும். கதவுகளை மூடுங்க. சேனல் 1, 20, 40 மூணிலும் அளவு எடுங்க.

1-ல் அதிகம், 40-ல் குறைவு என்றால் ஆண்டெனா குட்டை. நுனியை நீட்டுங்க.

40-ல் அதிகம், 1-ல் குறைவு என்றால் ஆண்டெனா நீளம். நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

மூணிலும் 3-க்கு மேலே என்றால் வெட்டுறதை நிறுத்துங்க. அது நீளத்தின் குற்றம் இல்லை. ஷார்ட்டோ, கிரவுண்ட் கோளாறோ இருக்கு.

எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம். 2 என்றால் 11. 3 என்றால் 25. நடுச் சேனலில் 1.5-க்குள் வந்தால் நிம்மதியா நிறுத்திக்கலாம். "கேபிள் கண்டிப்பா 18 அடி இருக்கணும்" என்று யாராவது சொன்னால் சிரிச்சுட்டு விட்டுடுங்க. ஒற்றை ஆண்டெனாவும் நல்ல கிரவுண்டும் இருந்தால் கேபிள் எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். கதவு இடுக்கில் நசுங்காம பார்த்துக்கிட்டாலே பாதி வெற்றி.

1.0 காட்டுது, ஆனா யாருக்கும் கேட்கலை!

கடைசியா அந்த விலை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் சொல்வது ஒண்ணே ஒண்ணுதான்: சக்தி திரும்பி வருதா இல்லையா. திரும்பாத சக்தி எல்லாம் காற்றில் போச்சுன்னு அர்த்தம் இல்லை. 50 ஓம் டம்மி லோடு 1.0 காட்டும். ஆனா அது ஒரு அலைகூட வெளியே அனுப்பாது, வெறும் சூடுதான்.

கால் அலைநீளக் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை சுமார் 36 ஓம். அடியில் சுருள் வைத்த 1 மீட்டர் ஆண்டெனாவுக்கு 40 பை ஸ்கொயர் பெருக்கல் உயரம் பை அலைநீளம் ஸ்கொயர் என்ற சூத்திரத்தைப் போட்டால் சுமார் 3.2 ஓம்தான் வருது. சுருளின் இழப்பும் கிரவுண்ட் இழப்பும் சேர்ந்து 10 ஓம் என்று வைத்துக்கொண்டால், காற்றில் போவது 13.2-ல் 3.2 பங்கு. கால்வாசிகூட இல்லை. 4 வாட்டில் 1 வாட்! அதே 10 ஓம் இழப்பு முழு 9 அடிக் கம்பியில் இருந்தால் முக்கால்வாசிக்கு மேலே வெளியே போயிடும்.

அதனால்தான் குட்டை ஆண்டெனாவுக்கு கிரவுண்ட் இன்னும் முக்கியம். இழப்பில் ஒவ்வொரு ஓம் குறைவதும் அங்கே பெரிய லாபம். வண்டிக்கும் உங்க ரூட்டுக்கும் ஒத்துவரும் அளவில் நீளமான ஆண்டெனாவை எடுங்க. மிச்ச கவனத்தை பிராக்கெட், பின்னல் பட்டி, உப்புத்தாள் மேல வைங்க.

நம்ம ஊருக்கு?

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் விதி வந்தது. ஆனா அந்த விலக்கு ஆண்டெனா உள்ளேயே அமைந்த கருவிகளுக்குத்தான். அதனால் அப்பாவோட பொலிரோ பிக்கப்பில் உடனே டிரில் போட்டுடாதீங்க! ஆசை இருந்தால் ஹாம் ரேடியோ தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்குங்க. பக்கத்திலேயே 28 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் இருக்கு. இங்கே சொன்ன இயற்பியல் அப்படியே அங்கேயும் பொருந்தும்.

அடுத்த தடவை ஆண்டெனா வைவாவில் "மோனோபோலின் இன்னொரு கை எங்கே?" என்று கேட்டால், மோவாப் மண்பாதையில் நிற்கும் அந்த டிரக்கை நினைச்சுக்கோங்க. மூன்று அடிக் குச்சி மட்டும் பேசுறதில்லை. மொத்த வண்டியும் சேர்ந்துதான் பேசுது.