பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் கசிவும் அதன் பரிகாரமும்

கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் இன்று குடும்பத்தின் உழைப்புக் கருவியாகிவிட்டது. விடியற்காலையில் பால் கேனைச் சங்கத்தில் சேர்ப்பதற்கும், தளி, பாகலூர்ப் பக்கத்து மலரையும் காய்கறியையும் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கும், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வதற்கும் அதுவே துணை. 1980-ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட்டும், 1984-இல் இண்ட்-சுசுகி 100 சி.சி. மோட்டார் சைக்கிளும் ஓசூரிலிருந்தே வெளிவந்தன. அவற்றின் வழிவந்த பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை பெட்ரோல் கசிவு. அதனைக் கண்டறிந்து நீக்கும் முறையை இங்கு விளக்குவோம்.

நஷ்டமும் அபாயமும்

ஒரு துளிதானே என்று அலட்சியம் செய்தல் ஆகாது. ஐம்பது துளிகள் ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டாலும், வினாடிக்கு ஒரு துளி வீதம் மணிக்கு 72 மில்லி லிட்டர் வீணாகும். தொழிற்சாலை வாயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் வண்டியில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும். நஷ்டத்தினும் பெரிது தீ அபாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று அடுப்பையோ விளக்கையோ எட்டக் கூடியது. ஆகையால் கசியும் வண்டியை வீட்டுக்குள் நிறுத்தலாகாது.

இடத்தைக் கண்டறிதல்

எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில் சோதனை செய்ய வேண்டும். பீடி, தீப்பெட்டி அருகில் வரக் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருத்தல் நன்று. முதலில் டாங்கியின் அடிப்புறம், டேப், ரப்பர் குழாய், கார்புரேட்டர் ஆகியவற்றைத் துணியால் உலரத் துடைக்க வேண்டும். பின்னர் டேப்பைத் திறந்து, எல்லாவற்றினும் மேலே நனையும் இடம் எது என்று பார்க்க வேண்டும். துளி விழும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு.

அடுத்து டேப்பை மூடுக. சிறிது நேரத்தில் கசிவு நின்றால் குறை குழாயிலோ கார்புரேட்டரிலோ உள்ளது. நிற்காவிடில் டாங்கியையும் டேப்பையும் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு சோதனை வேண்டாத பொருள்களை வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

பரிகாரம்

ரப்பர் குழாய் நுனியில் வெடித்திருந்தால், பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட புதுக் குழாயை மாட்டி கிளிப்பால் இறுக்க வேண்டும். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவிகிதத்தை எட்டியது. அதற்கென அமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்கள் உப்பிப் பழுதாகலாம். டேப்பின் வாஷரையும் அவ்வாறே மாற்றுதல் வேண்டும்.

கார்புரேட்டரின் வழிந்தோடும் குழாயில் பெட்ரோல் சொட்டினால் மிதவையைக் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் பந்து உயர்ந்து தண்ணீரை நிறுத்துவது போல, இங்கும் மிதவை உயர்ந்து ஊசி வால்வை மூடுகிறது. இடையில் தூசி சிக்கினால் வால்வு மூடாது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். கசிவு நின்றால் தூசியே காரணம்; கிண்ணத்தைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்மானம் இருந்தால் புதிய ஊசி போட வேண்டும். மிதவையைக் காதருகே குலுக்கும்போது உள்ளே திரவம் அசைந்தால் அது ஓட்டையானது. மாற்றியே தீர வேண்டும். நான்கு ஸ்டிரோக் வண்டியில் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், ஆயிலை மாற்றாமல் ஓட்டலாகாது.

டாங்கி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் தாமே பற்றவைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. பெட்ரோலை வடித்த டாங்கியிலும் ஆவி நிறைந்திருக்கும். தேர்ந்த பட்டறையில் ஒப்படைப்பதே முறை. 2020-க்குப் பின் வந்த பல வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்துடன் பாய்வதால், அவற்றை மெக்கானிக்கே பிரிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் டேப்பைத் திறந்து, அடியில் காகிதம் விரித்துக் கால் மணி நேரம் கவனிக்க வேண்டும். இரவில் வண்டியை நிறுத்தும்போது டேப்பை மூடுவதைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். சிறிய கவனம் செலவையும் குறைக்கும், குடும்பத்தையும் காக்கும்.